ஆந்தைத் தாங்கி: நடுவது சுலபம், பிடுங்குவதுதான் தலைவலி

சம்பாவுக்கு ஆந்தைத் தாங்கி, அதாவது இரவில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்க வயலில் நடும் குச்சி, வைக்கலாமா என்று கேட்ட நண்பருக்காக இது. எலி செய்யும் வேலை டெல்டாக்காரர்களுக்குத் தெரியாததில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏக்கருக்கு 15 முதல் 20 போதும். காய்ந்த தென்னை மட்டையில் கீற்றைக் கழித்து, நுனியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நட்டால் அகன்ற அடிப்பாகமே இருக்கை. பொருளுக்குக் காசு கிடையாது. பிளாஸ்டிக் குழாய் வழவழவென்றிருக்கும். கயிறு சுற்றாவிட்டால் பறவைக்குப் பிடிமானம் இல்லை. தரைக்கு மேல் ஐந்தாறு அடி, சேற்றுக்குள் ஒன்றரை அடி. மேலாக ஊன்றினால் தண்ணீர் கட்டியதும் சாயும். ஆடுகிற குச்சியில் ஆந்தை உட்காராது. வரப்பையொட்டி நடுங்கள், வளை இருப்பது அங்கேதான்.

பலன் உண்டா? உண்டு. ஆந்தை கக்கி வரப்பில் கிடக்கும் உருண்டையை உடைத்தால் சாம்பல் மயிருக்குள் மஞ்சள் பல்லோடு எலி மண்டை இருக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷமே தனி! கொழுத்த வரப்பெலியைக் கூகை (இங்கே வரும் ஆந்தை) அவ்வளவாகத் தொடாது, குட்டியும் நடுத்தரமும்தான். பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிப்பது கொசுறு.

எரிச்சல் எங்கே என்றால், பால் பிடித்ததும் அத்தனையையும் பிடுங்கியாக வேண்டும். விட்டால் கிளியும் சில்லைக் குருவியும் அதே குச்சியில் உட்கார்ந்து கதிரைக் காலி பண்ணும். எலி கதிரை அறுத்து வளைக்குள் சேர்க்கிற நேரமும் அதேதான்! அப்புறம் கிட்டி (எலிப்பொறி) வைக்கிற கிட்டிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். முற்றிவரும் பயிருக்குள் இறங்கி, தூர் மிதிபடாமல், சேறு கவ்விய குச்சியைப் பிடுங்குகிற கூலி நட்ட கூலியைத் தாண்டும். ஒன்று தப்பி நின்றாலும் அறுவடை மெஷினின் கத்தி போச்சு.

பக்கத்து வயலில் புரோமோடையலோன் என்ற எலி விஷத்தை வைத்தால் மொத்தக் கணக்கும் கெடும். அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். கூகைக்குச் சுலபமாக மாட்டும், விஷமும் கூடவே போகும். வரப்புக்காரர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு கிட்டியோடு நிறுத்த முடியாது என்றால் தாங்கியே நடாதீர்கள்.

மதிப்பெண்ணா? கார்த்திகையில் கேட்டிருந்தால் ஐந்துக்கு நாலு போட்டிருப்பேன். இப்போது மார்கழி, பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. இரண்டு. அடுத்த சம்பாவுக்கு மட்டை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன்.