தொடாத கோப்புகளையும் மாற்றிவிடும் புதிய பதிப்பு: 14 மாத அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார், "புது வெர்ஷனுக்கு விலை குறைச்சிருக்காங்களே, மாறிடலாமா? நீங்க ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருக்கீங்கல்ல?" என்று. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் கோபம்தான் வரும், அது அந்த மென்பொருளுக்கு நியாயமாக இருக்காது என்று பேச்சை மாற்றிவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம். இணையதள வடிவமைப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் கையில் இருக்கும் பெரிய மென்பொருள்களில் ஒன்று, அவ்வளவு போதும். அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

பழைய பதிப்பில் 6 ஆண்டு வேலை பார்த்தேன். அதில் குறை இல்லாமல் இல்லை. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் சி.எஸ்.எஸ் கிரிட் எழுதினால் வடிவமைப்புத் திரையில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும், பிரௌசரில் போய்த்தான் சரியா என்று பார்க்க வேண்டும். 2017 மார்ச்சிலேயே ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் கிரிட்டுக்கு வந்துவிட்டன, நான் அதற்குப் பல ஆண்டு கழித்தும் வடிவமைப்புத் திரையை நம்ப முடியாமல் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தான் புதிய பதிப்புக்கு ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை.

மாறிய முதல் வாரம் ஒரு சின்ன வேலை வந்தது. நான் பராமரிக்கும் தளங்களில் பழையது ஒன்று, 240 பக்கம் இருக்கும். அடியில் இருக்கும் தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டும். டெம்ப்ளேட்டில் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும், ஐந்து நிமிட வேலை. ப்ராஜெக்டைத் திறந்தேன். "இந்த ப்ராஜெக்ட் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றப்படும்" என்று ஒரு பெட்டி வந்தது. அதில் 'தொடர்க' என்று ஒரு பொத்தான், 'மூடுக' என்று இன்னொன்று. நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்ற கேள்வி இல்லை. எதெது மாறும் என்று ஒரு வரி இல்லை. திரும்பிப் பழைய பதிப்புக்குப் போக முடியாது என்ற எச்சரிக்கையும் இல்லை. வேலை நடக்க வேண்டுமே, தொடர்க என்று அழுத்தினேன். எண்ணை மாற்றினேன், 240 பக்கமும் சர்வருக்குப் போனது. டெம்ப்ளேட்டை மாற்றினால் எல்லாப் பக்கமும் போகத்தானே செய்யும், அதனால் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

மூன்று நாள் கழித்து வாடிக்கையாளர் கூப்பிட்டார். தொடர்புப் படிவத்திலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லையாம். நான் என் கணினியில் சோதித்தேன், வேலை செய்தது. சர்வரில் சோதித்தேன், "மீண்டும் முயலவும்" என்று வந்தது. அன்று இரவு முழுக்க அதிலேயே போனது. ஹோஸ்டிங் பக்கம் கோளாறா, மெயில் பக்கம் கோளாறா, சர்வரில் படிவத்தை இயக்கும் மொழியான பி.எச்.பியின் பதிப்பை யாராவது மாற்றினார்களா என்று எல்லாவற்றையும் தேடிவிட்டுக் கடைசியில்தான் பழைய பேக்கப்பை எடுத்துக் கோப்போடு கோப்பு ஒப்பிட்டேன்.

ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு வரியும் மாறியிருந்தது. நான் மாற்றியது ஒரு தொலைபேசி எண். இவர்கள் மாற்றியது 240 பக்கத்திலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. வரி முடிவுக் குறி எல்லா இடத்திலும் ஒரு பைட்டிலிருந்து இரண்டு பைட் ஆகியிருந்தது. நான் கையால் உள்தள்ளி வைத்திருந்த கோட் அவர்கள் பாணியில் அடுக்கப்பட்டிருந்தது. கோப்புகளின் தலையில் பி.ஓ.எம் என்று சொல்வார்களே, யூடிஎஃப் 8 கோப்பின் தொடக்கத்தில் வரும் அந்த 3 பைட் குறி, அதுவும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

இந்த 3 பைட்தான் படிவத்தைக் கொன்றது. எச்.டி.எம்.எல் கோப்பில் அது இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, பிரௌசர் கண்டுகொள்ளாது. பி.எச்.பி கோப்பில் அப்படி இல்லை. பி.எச்.பி தொடங்கும் குறிக்கு முன்னால் ஏதாவது எழுத்து இருந்தால் அதை வெளியே அனுப்பிவிடும். அனுப்பிவிட்டால் பக்கத்துக்கு முன்னால் பிரௌசருக்குப் போகும் தகவல் வரிகளான ஹெடர்கள் போய்விட்டன என்று பொருள், அதற்குப் பிறகு வந்தவரை நினைவில் வைக்கும் செஷன் தொடங்காது. என் படிவம் போலி மெயில்களைத் தடுக்க செஷனில் டோக்கன் என்ற ஒரு ரகசியக் குறியை வைத்துச் சரிபார்க்கும். செஷன் இல்லை, டோக்கன் இல்லை, அதனால் வந்த ஒவ்வொருவரையும் போலி என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. என் கணினியில் வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்து வைக்கும் பஃபரிங் இயக்கத்தில் இருந்ததால் அங்கே பிழை தெரியவில்லை, சர்வரில் அது அணைக்கப்பட்டிருந்தது. பிழைச் செய்திகளைத் திரையில் காட்டாமல் வைப்பது சர்வரில் வழக்கம் என்பதால் அங்கும் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

மூன்று நாளாக அந்த வாடிக்கையாளருக்கு எத்தனை பேர் எழுதிப் பார்த்துவிட்டுப் போனார்களோ. அவருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது? "சாஃப்ட்வேரை அப்கிரேட் பண்ணினேன், அது நான் கேட்காததையும் மாற்றிவிட்டது" என்றேன். நல்ல மனிதர், சரி என்று விட்டுவிட்டார். நான் அந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தை வாங்கவில்லை.

இது முதல் வாரத்துத் தடுமாற்றம், அமைப்பில் ஒரு இடத்தில் மாற்றினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பி.ஓ.எம் சேர்ப்பதற்கு அமைப்பில் ஒரு தேர்வு இருக்கிறது, அதை அணைத்தேன். அடுத்த அப்டேட்டில் தானே இயங்கத் தொடங்கிவிட்டது. மறுபடி அணைத்தேன். இந்த 14 மாதத்தில் நான்கு முறை ஆகிவிட்டது. இப்போது அப்டேட் வந்த நாளில் முதல் வேலையாக அமைப்புகளைத் திறந்து, ஒரு தாளில் எழுதி வைத்திருக்கும் ஏழு தேர்வுகளைச் சரிபார்க்கிறேன். ஷார்ட்கட் விசைகளும் அப்படித்தான், இரண்டு முறை தொடக்க நிலைக்குப் போயின. அதைச் சகித்துக்கொள்வேன், அது என் விரலோடு முடிகிற பிரச்சினை. வாடிக்கையாளரின் கோப்பைத் தொடுவது அப்படி இல்லை.

அப்புறம் என்னோடு சேர்ந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் பழைய பதிப்பிலேயே இருந்தான். நான் மாற்றிய ப்ராஜெக்டை அவன் திறக்கப் பார்த்தபோது, "அண்ணா, இது புது வெர்ஷன் ஃபைலாம், திறக்க மாட்டேங்குது" என்றான். பழைய வடிவத்தில் சேமிக்கும் வழி இருக்கிறதா என்று உதவி மையத்துக்கு எழுதினேன். இல்லை, அவரையும் புதிய பதிப்புக்கு மாறச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. பி.ஓ.எம் பற்றி எழுதியதற்கு, அது வடிவமைக்கப்பட்ட விதம், பிழை இல்லை என்று வந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் அந்தப் பதில்தான். படிவம் நின்றதற்குக்கூட அவ்வளவு கோபப்படவில்லை. பிழை என்று ஒப்புக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். பிழையே இல்லை என்று சொல்லிவிட்டால் எதற்காகக் காத்திருப்பது?

சரி, நியாயமாகப் பேச வேண்டும் என்றுதானே எழுத உட்கார்ந்தேன்.

கிரிட் அருமை. பெட்டிகளை இழுத்து வைத்தால் பின்னால் உருவாகும் சி.எஸ்.எஸ் சுத்தமாக இருக்கிறது, நான் கையால் எழுதுவதைவிடச் சில இடங்களில் சுருக்கமாகவே இருக்கிறது. படங்களை அளவு குறைந்த வெப்பி வடிவில் தானே கொடுத்துவிடும். இவை எதிர்பார்த்தவை. எதிர்பார்க்காத ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், அது எழுத்து நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிக்கும் கருவி. எழுத்தின் மேல் வைத்தாலே ஒரு எண்ணைக் காட்டும். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற விகிதமாவது இருக்க வேண்டும் என்பது, தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் நிலை. நான் பல ஆண்டுகளாக வெள்ளைப் பின்னணியில் 999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பலை அழகு என்று நினைத்துப் பயன்படுத்தி வந்தேன். வைத்துப் பார்த்தால் 2.85 காட்டுகிறது. பார்வை சற்று மங்கியவர்களுக்கு அந்த எழுத்து இருந்தும் இல்லாததுதான். 767676 என்று மாற்றினால் 4.54, தேறிவிடுகிறது, அழகும் கெடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் செய்த தளங்களில் எல்லாம் சாம்பல் எழுத்துகளை மாற்றினேன். ஒரு வாடிக்கையாளரின் அப்பா, வயதானவர், "இப்போதான்பா எல்லாம் படிக்க முடியுது" என்று சொன்னாராம். அந்த ஒரு கருவிக்காக இதை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்வேன், மனதாரச் சொல்வேன்.

ஆனாலும் அந்த இரவை மறக்க முடியவில்லை. இந்தத் துறையில் கோப்பு வடிவம் ஒரு பூட்டு என்பதைப் பலமுறை பார்த்துவிட்டோம். மைக்ரோசாஃப்டின் தள வடிவமைப்பு மென்பொருளான ஃபிரன்ட்பேஜ் காலத்தில் படிவமும் பார்வையாளர் எண்ணிக்கையும் சர்வரில் தனி நீட்சி இருந்தால்தான் இயங்கும். அந்த நீட்சிகளை ஹோஸ்டிங்காரர்கள் நிறுத்தியபோது பக்கம் இருந்தது, படிவம் செத்தது. அடோபி தன் தள வடிவமைப்பு மென்பொருளான மியூஸை நிறுத்தப்போவதாக 2018 மார்ச்சில் அறிவித்து 2020 மார்ச்சில் ஆதரவையும் முடித்துக்கொண்டது. ஏற்றிய தளங்கள் அப்படியே இருந்தன, ஆனால் மியூஸ் கோப்பைத் திறந்து தொடர்ந்து திருத்த வேறு மென்பொருள் இல்லை. அதற்கு மாறாக, அடோபியின் இன்னொரு தள மென்பொருளான ட்ரீம்வீவரின் டெம்ப்ளேட்டில் எந்தப் பகுதியைத் திருத்தலாம் என்ற குறிப்பு சாதாரண எச்.டி.எம்.எல் கமென்டாகவே இருக்கும். ட்ரீம்வீவரே இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து படித்துப் புரிந்துகொள்ளலாம். என் கோப்பு எனக்கே சொந்தம் என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய சான்று அதுதான். என் மென்பொருளின் பழைய பதிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. புதியது எல்லாவற்றையும் ஒரு மூடிய ப்ராஜெக்ட் கோப்புக்குள் போட்டுவிட்டது.

முன்பெல்லாம் அப்கிரேட் நம் முடிவாக இருந்தது. 2013 மே மாதம் அடோபி இனிச் சந்தா மட்டுமே, 2012இல் வந்த சி.எஸ்.6 தொகுப்புதான் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கும் கடைசிப் பதிப்பு என்று அறிவித்த பிறகும், பலர் அந்த சி.எஸ்.6ஐ வைத்தே ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். 2019 அக்டோபரில் வந்த மேக்ஓஎஸ் கேடலீனா 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோதுதான் மேக்கில் அவர்களில் பலருக்குப் பிரச்சினை ஆனது. அதாவது அறிவிப்புக்குப் பிறகு ஆறு ஆண்டுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. எனக்கு ஒரு பெட்டியும் ஒரு பொத்தானும்தான் கிடைத்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பருக்கு என்ன சொல்வது? வசதிகளை எண்ணிப் பார்த்தால் மாறச் சொல்ல வேண்டும். புதியது பழையதைவிட நல்ல மென்பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் மாறாதீர்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்களிடம் 10 ஆண்டாக ஓடும் தளங்கள் இருக்கின்றன, உங்களை நம்பித் தூங்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் என்ன மாறும் என்று சொல்லாத ஒரு கருவியை அந்தக் கோப்புகளுக்கு மேல் உட்கார வைக்க என் மனம் ஒப்பவில்லை. நாளையே திறக்கும் முன் நகல் எடுக்கட்டுமா என்று கேட்கத் தொடங்கினார்கள் என்றால், அன்றே கூப்பிட்டுச் சொல்கிறேன்.

அப்படியும் மாறித்தான் ஆகவேண்டும் என்றால், ப்ராஜெக்ட் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். தானாகச் சர்வருக்கு ஏற்றும் வசதியை அணையுங்கள். நகலை மட்டும் புதிய பதிப்பில் திறந்து, ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சேமித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை வரி மாறியிருக்கிறது என்று எனக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்.