பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்ன வகுப்பு

அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்குக் கடையில் அச்சடித்து விற்கும் வாழ்த்து அட்டையைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குன்னூர் பெட்போர்டு பகுதியில் ஒரு கைவினைப் பொருள் கடையின் மாடியில், துணியின் கட்டங்களில் பெருக்கல் குறிகளாகத் தைக்கும் கிராஸ் ஸ்டிச் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அட்டையை நானே தைத்துச் செய்ய இரண்டு சனிக்கிழமை வகுப்புக்கும் பொருட்களுக்கும் சேர்த்து 1,200 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பள்ளியில் பழகிய தையல்தான் என்றாலும், நான் போடும் பெருக்கல் குறிகள் மட்டும் ஏனோ ஒன்றுபோல் அமைவதே இல்லை.

வகுப்பு எடுப்பவரை எல்லோரும் அக்கா என்றே அழைக்கிறோம். முதல் நாள் என் பழைய தையல் ஒன்றை நீட்டியபோது அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. "பின்னாடி திருப்பு கண்ணு" என்றார். அங்கே முடிச்சுகளும், ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவிய நூல்களும் கிடந்தன. அட்டையில் ஒட்டி மூடப்போகும் பக்கத்துக்கு ஏன் இத்தனை கவனம் என்று கேட்டேன். ஒட்டி அழுத்தும்போது ஒவ்வொரு முடிச்சும் முன்பக்கம் புடைத்துக் காட்டும் என்பதையும், கட்டம் கட்டமாக நெய்த வெள்ளை ஐடா துணியின் துளைகள் வழியே பின்னால் ஓடும் அடர்நிற நூல் நிழலாகத் தெரியும் என்பதையும் என் துணியிலேயே சுட்டிக் காட்டினார்.

முடிச்சே இல்லாமல் தொடங்கும் முறைதான் நான் கற்றவற்றில் ஆகச் சிறந்தது. எம்பிராய்டரி நூல் ஆறு இழைகளால் ஆனது. அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள ஐடா துணிக்கு இரண்டு இழைகள் போதும். இரண்டு இழைகளைப் பிரிப்பதற்குப் பதிலாக ஒரே இழையை இரு மடங்கு நீளத்துக்கு வெட்டி, நடுவில் மடித்து, இரு நுனிகளையும் ஊசியில் கோத்தால் மறுமுனையில் ஒரு வளையம் நிற்கும். கீழிருந்து மேலே வந்து முதல் அரைத்தையலை, அதாவது பெருக்கல் குறியின் ஒரு கோட்டை மட்டும் போட்டு, பின்பக்கம் அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் நூல் தானே பூட்டிக்கொள்கிறது.

என் தையல் சீரற்றுப் போனதற்கான காரணமும் அன்றே தெரிந்தது. பெருக்கல் குறியின் மேல்கோடு சில இடங்களில் வலப்புறமாகவும் சில இடங்களில் இடப்புறமாகவும் சாய்ந்திருந்தது. ஒரு வரிசை முழுவதும் அரைத்தையலாகப் போட்டுக்கொண்டே சென்று, திரும்பி வரும்போது மறுபாதியை முடித்தால் மேல்கோடுகள் எல்லாம் ஒரே திசையில் படிகின்றன. பின்பக்கமும் நேர்க்கோடுகளாக அடங்குகிறது. ஊசியை இரண்டு இழைகளுக்கும் நடுவே செலுத்தினால் அவை முறுக்கிக்கொள்ளாமல் அருகருகே தட்டையாக விழுவதையும், அவ்வப்போது ஊசியைத் தொங்கவிட்டால் நூலின் முறுக்கு தானாகக் கழல்வதையும் செய்து காட்டினார்.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அறுபது ஆண்டுக்கு ஐந்து கொத்துகள் என்று நானே வடிவம் வரைந்தேன். அது 70க்கு 98 கட்டங்கள் வந்தது. பதினான்கால் வகுத்தால் ஐந்துக்கு ஏழு அங்குலம், தையல் தெரிய அட்டையில் வெட்டியிருக்கும் சன்னலில் அடங்காது. 42க்கு 56 கட்டங்களாகக் குறைக்க அக்கா ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்தார். நீலகிரியின் பழங்குடியினரான தோடர் பெண்கள் வரைபடமும் தையல் சட்டமும் இல்லாமல், துணியின் இழைகளை எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் தைப்பதை அப்போது அவர் நினைவூட்டினார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தையலில் இரு பக்கங்களுமே பார்க்கும்படி இருக்கும். இந்த மலையில் தையல் கற்பவர் ஒருமுறையேனும் ஒரு தோடர் போர்வையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பொருட்களைப் பற்றி அவ்வளவு நிறைவாகச் சொல்ல இயலவில்லை. ஊசியும் துணியும் தரமானவை. மூன்றாக மடிக்கும் அட்டைதான் மிக மெல்லியது; குன்னூர் மூடுபனியின் ஈரத்தில் இரண்டே நாளில் வளைந்துவிட்டது. கொடுத்த பசை துணியில் ஊறி ஓரத்தில் கறையாகியது. தடித்த அட்டையும் இருபுறம் ஒட்டும் டேப்பும் வாங்கி மீண்டும் செய்தேன். மாடியில் வெளிச்சமும் போதாது. மாலை நான்கு மணிக்கு மேல் இரண்டு ஊதா நிறங்களைப் பிரித்தறிய முடியாமல் ஒரு கொத்தைப் பிரித்துத் தைக்க நேர்ந்தது. இவற்றைக் கடைக்காரரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

சேர நினைப்பவர்கள் அட்டையையும் டேப்பையும் தாங்களே கொண்டு செல்லலாம்; காலை நேர வகுப்பாகக் கேட்டு வாங்குவது நல்லது. ஒரு முறைக்கு ஆறு பேரை மட்டுமே சேர்ப்பதால் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் நாட்களில் பெட்போர்டு சாலையில் வண்டிகள் நகராது என்பதால், அந்த வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.