இரண்டு பேட்டரி லோரி காலையில் எழவில்லை என்றால்: கேபிளா, பெட்டியா, சார்ஜரா, தள்ளுவதா?

காலை ஆறரை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்டு விளக்கும் மங்கிப்போகிறது. குலை சேர்த்து வைக்கும் ரேம்ப்பில் நேற்று மாலை வெட்டின செம்பனைக் குலை குவிந்து கிடக்கிறது. வெட்டின 24 மணி நேரத்துக்குள் அது ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும், ஆலையில் கிரேடிங் (தரம்) பார்ப்பவர் முகத்தைச் சுளிப்பார். மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிக் குலை லோரி ஓட்டுகிற எல்லாருக்கும் இந்தக் காலை தெரியும். பலகையில் பெயர் மாறினாலும் எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த மாதிரிக் காலையில் கைக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதை மாட்டிவிடுவது வழக்கம். வினையே அங்கேதான்.

இரண்டு குலை லோரியும் ஒரு பிக்கப்பும் வைத்துப் பிழைக்கிறவன் நான். கீழே உள்ள எல்லா வழியையும் செய்து பார்த்திருக்கிறேன், செய்யக்கூடாததையும் சேர்த்து.

எந்த வழியானாலும் முதலில் பேட்டரி மூடியைத் திறந்து, இரண்டும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றின் பிளஸ்ஸிலிருந்து மற்றதன் மைனஸுக்குக் குட்டையான தடித்த கேபிள் போனால் அது சீரிஸ்: 12ம் 12ம் சேர்ந்து 24 வோல்ட். பிளஸ் பிளஸ்ஸோடும் மைனஸ் மைனஸோடும் சேர்ந்திருந்தால் பேரலல்: வோல்ட் 12தான், ஆம்பியர் மட்டும் கூடுதல். நம் ஊர்க் குலை லோரிகளில் நான் கை வைத்தவை எல்லாம் 24. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 மாதிரி அமெரிக்க டீசல் பிக்கப்புகளில் இரண்டு பேட்டரி இருந்தாலும் பேரலல்தான். அந்த வண்டிக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்துவிட்டு நம் லோரியில் கிளிப் மாட்டப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பகீர் என்கிறது. அவர்கள் எந்த 12 வோல்ட் காரிலிருந்தும் கரண்ட் வாங்கலாம், நமக்கு முடியாது.

என் ஓட்டு இன்னொரு 24 வோல்ட் லோரிக்கும் தடித்த கேபிளுக்கும்தான். 5 கிலோவாட் ஸ்டார்ட்டர் 24 வோல்ட்டில் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே வேலைக்கு 12 வோல்ட்டில் 400ஐத் தாண்டும். காருக்கென்று கடையில் தொங்கும் கேபிளின் பிளாஸ்டிக் உறை கட்டை விரல் தடிமன் இருக்கும், உள்ளே இருக்கும் கம்பியோ தீக்குச்சி அளவு. அதுவும் சிலதில் செம்பு முலாம் பூசிய அலுமினியம். 35 அல்லது 50 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்புக் கேபிளை ஒரு முறை வாங்கி வைத்துவிட்டால், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மாட்டும் வரிசையில் மட்டும் விளையாடக்கூடாது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும், இரண்டு எஞ்சினும் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு, செத்த லோரியின் கடைசிப் பிளஸ்ஸுக்கு. அதாவது ஸ்டார்ட்டருக்குக் கேபிள் போகும் பிளஸ், நடுவில் இணைப்புக் கேபிள் பிடித்திருக்கும் பிளஸ் இல்லை. மறுமுனை, கொடுக்கிற லோரியின் அதே மாதிரிப் பிளஸ்ஸுக்கு. கறுப்பு, கொடுக்கிற லோரியின் கடைசி மைனஸுக்கு. நான்காவது கிளிப்பைப் பேட்டரியில் வைக்காதீர்கள். செத்த லோரியின் எஞ்சினில் அல்லது சேஸியில், பெயிண்ட் இல்லாத சுத்தமான இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். அந்தக் கடைசித் தொடுதலில் எப்படியும் ஒரு பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வருகிற ஹைட்ரஜன் காற்றில் 4 சதவிகிதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பொறி தூரத்தில் பறக்கட்டும், அமிலம் முகத்தில் தெறிக்க வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, அழுகின முட்டை வாடை அடித்தாலோ கேபிளை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கொடுக்கிற லோரி ஓடிக்கொண்டிருக்கலாமா, அணைத்திருக்க வேண்டுமா என்பதில் பொமன்களுக்குள்ளேயே (மெக்கானிக்குகளுக்குள்ளேயே) சண்டை. நான் பத்து நிமிஷம் அதை ஓடவிட்டுச் சார்ஜ் ஏற விடுவேன். பிறகு அதை அணைத்துவிட்டு, செத்த லோரியின் சாவியைத் திருப்பச் சொல்வேன். ஒரு திருப்புக்குப் பத்து, பதினைந்து விநாடி. விட்டு, ஒன்றிரண்டு நிமிஷம் ஸ்டார்ட்டரை ஆற விட வேண்டும். கம்ப்யூட்டர் நிறைந்த புது வண்டியென்றால் என் பழக்கத்தை விட்டுவிட்டு வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். லோரி பிடித்துக்கொண்ட பிறகு, முன்விளக்கைப் போட்டுவிட்டுத்தான் கிளிப்பைக் கழற்றுவேன், மாட்டினதற்கு நேர் எதிர் வரிசையில். திடீரென்று பிடுங்கினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு நொடி எகிறும். எரிகிற விளக்கு அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும்.

தோட்டத்தில் அந்த நேரத்துக்கு வேறு லோரி இருக்காது, பிக்கப் இருக்கும். 12 வோல்ட் பிக்கப்பிலிருந்து 24 வோல்ட் லோரியை நேராக ஸ்டார்ட் பண்ண முடியாது. லோரியின் இரண்டு முனைக்கும் பிக்கப் கேபிளை மாட்டினால் 24 வோல்ட் பிக்கப்புக்குள் பாயும். அப்புறம் பிக்கப்பையும் தள்ளத்தான் வேண்டும். ஆனால் லோரியின் பேட்டரிகளைத் தனித்தனியாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிக்கப்பிலிருந்து சார்ஜ் ஏற்றலாம் என்று ஒரு யோசனை உண்டு. முடியும்தான். அதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

மழை விட்ட ஒரு காலை. லோரி சேற்றில் கோணலாக நிற்கிறது என்று பிக்கப்பில் சங்கிலி கட்டிக் கொஞ்சம் இழுத்தோம். சங்கிலியைக் கழற்றாமலே சார்ஜ் ஏற்ற உட்கார்ந்தேன். முதல் பேட்டரி, அதாவது மைனஸ் சேஸிக்குப் போகிற பேட்டரி, இருபது நிமிஷம் நல்லபடியாக ஏறியது. இரண்டாவதில் முதலில் கறுப்பை அதன் மைனஸில் வைத்ததுதான் தாமதம்: சடசடவென்று நீலப் பொறி, கறுப்புக் கேபிளின் உறை வெந்து புகை, கிளிப்பின் பல் ஈயத்தில் ஒட்டிக்கொண்டது. "தம்பி, சங்கிலி! சங்கிலியக் கழட்டு!" என்று டிரைவர் அண்ணன் கத்தினார். நான் கேபிளை உதைத்துத்தான் பிரித்தேன்.

நடந்தது இதுதான். இரண்டாவது பேட்டரியின் மைனஸ், லோரியின் சேஸியைவிட 12 வோல்ட் மேலே இருக்கிறது. கறுப்புக் கேபிள் வழியாக அந்த 12 வோல்ட் பிக்கப்பின் பாடிக்கு வந்துவிட்டது. சங்கிலி அதைத் திரும்ப லோரியின் சேஸியோடு சேர்த்தது. பாடுபட்டுச் சார்ஜ் ஏற்றின முதல் பேட்டரியை நானே ஷார்ட் பண்ணிவிட்டேன். பம்பர் உரசியிருந்தாலும் இதே கதைதான். இப்படிச் சார்ஜ் ஏற்றத்தான் வேண்டுமென்றால், இரண்டு பேட்டரிக்கும் நடுவில் உள்ள இணைப்புக் கேபிளையும் சேஸிக்குப் போகும் மைனஸையும் முதலில் கழற்றிவிடுங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பக்கத்துத் தோட்டத்து லோரிக்குப் போன் போடுவது மேல்.

இப்போது எல்லாரும் பேசுவது ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பற்றி. 12, 24 இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் லித்தியம் பெட்டி வருகிறது. தனியாக ஓட்டுகிறவனுக்கு இது வரம்தான்: வேறு வண்டி வேண்டாம், மாற்றி மாட்டினால் நல்ல பெட்டி கத்திக் காட்டும். ஆனால் அட்டையில் '2000 ஆம்பியர்' என்று போட்டிருப்பது கண் சிமிட்டும் நேரக் கணக்கு. லோரி ஸ்டார்ட்டர் கேட்பது பத்து விநாடிக் கணக்கு. பேட்டரி ஒரேயடியாகச் செத்திருந்தால் சில பெட்டிகள் "இங்கே பேட்டரியே இல்லையே" என்று கையை விரித்துவிடும். அதைவிட நம் ஊர்ப் பிரச்சினை வெயில். கதவடைத்த கேபினுக்குள் மத்தியானம் முழுக்கக் கிடந்தால் லித்தியம் சீக்கிரம் கெடும், ஆபத்தும்கூட. வீட்டில் வைத்தால் தேவைப்படும் நாளில் வண்டியில் இருக்காது. என் பெட்டியை நான் காலையில் சாப்பாட்டுப் பையோடு எடுத்துப் போகிறேன், மாதம் ஒரு முறை சார்ஜ் போடுகிறேன். இந்த ஒழுங்கு இல்லாதவருக்கு அது விலை உயர்ந்த டார்ச்லைட்.

அவசரமே இல்லையென்றால் சார்ஜர்தான் பேட்டரிக்கு நல்லது. 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 10 ஆம்பியர் வீதம் ராத்திரி முழுக்கப் போட்டு, காலையில் கழற்றி, சில மணி நேரம் விட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது; ஒன்று 12.6, மற்றது 12.0 என்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே பிராண்டு, ஒரே வயசு. பழசும் புதுசும் சேர்ந்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். காசு மிச்சம் பிடிக்க நினைத்து இரண்டு முறை காசு கொடுத்தவன் சொல்கிறேன்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது? கியர் வண்டி, ஆயில் பிரேக், சின்ன லோரி என்றால் மேட்டிலிருந்து உருட்டலாம். ஆனால் எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், பிரேக்கில் பாதி பலம்கூட இருக்காது. கீழே வாய்க்கால் இருக்கும். ஏர் பிரேக் லோரியில் இந்தப் பேச்சே வேண்டாம். ராத்திரியில் காற்று இறங்கியிருந்தால் ஸ்பிரிங் பிரேக் பின்சக்கரத்தைப் பூட்டி வைத்திருக்கும், பத்து பேர் தள்ளினாலும் அசையாது.

காற்று வடிகட்டிக்குள் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் உள்ளே போனால் வெடிக்கும். அதோடு, எஞ்சினைச் சுற்றவே தெம்பில்லாத பேட்டரிக்கு ஸ்ப்ரே என்ன செய்யும்?

எங்கள் இரண்டு லோரியின் பேட்டரி மூடியிலும் இப்போது சிவப்புப் பெயிண்டில் '24' என்று எழுதியிருக்கிறேன். சிவப்புக் கிளிப் போக வேண்டிய பிளஸ்ஸுக்கு அருகில் அதே பெயிண்டில் ஒரு பொட்டு. டிரைவர் அண்ணன் பார்த்துவிட்டு, "பக்கத்துல ஒரு சங்கிலிப் படமும் போட்டுடு தம்பி" என்றார்.