பிரசவ வார்டில் கிடைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை: வடசென்னை அரசு மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் சேவை

என் தம்பி மனைவிக்கு வடசென்னையில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் அண்மையில் முதல் குழந்தை பிறந்தது. அந்த மருத்துவமனையின் படுக்கை, கழிப்பறை, கூட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அடுத்த குழந்தையை எவ்வளவு காலம், எந்த முறையில் தள்ளிப்போடுவது என்று தாய்மார்களுக்கு அங்கே வழங்கப்படும் இலவச ஆலோசனையைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் பார்த்தவரை, அந்த மருத்துவமனையின் மிகச் சிறந்த சேவை அதுதான்.

ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். என் அம்மாவையும் உடன் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு தட்டில் இருந்த, கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி, சாயா என்ற கருத்தடை மாத்திரை அட்டை, அந்தரா என்ற கருத்தடை ஊசி மருந்து, ஆணுறை ஆகியவற்றை செவிலியர் ஒவ்வொன்றாக எடுத்து தம்பி மனைவியின் கையிலேயே கொடுத்தார். காப்பர்-டியை வளைத்துப் பார்க்கச் சொன்னார். "இத்தனூண்டுதானா சிஸ்டர்?" என்று அவள் கேட்டபோதே பாதிப் பயம் போய்விட்டது. குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள்ளோ, தவறினால் 48 மணி நேரத்துக்குள்ளோ இதைப் பொருத்தலாம் என்றும், அதையும் தாண்டினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்றும் விளக்கினார். காப்பர்-டியில் 380ஏ என்ற வகை 10 ஆண்டுகள் வரை பலன் தரும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். சாயா ஹார்மோன் இல்லாத மாத்திரை என்பதால் தாய்ப்பாலைப் பாதிக்காது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அந்தரா மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி; பால் கொடுப்பவர்களுக்கு ஆறு வாரம் கழித்தே போடுவார்கள்.

"பால் குடுக்கிற வரைக்கும் உண்டாகாதும்மா, எதுக்கு இதெல்லாம்?" என்று என் அம்மா இடையில் கேட்டார். செவிலியர் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. மாதவிலக்கு திரும்பாமல், ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் அந்த நம்பிக்கை சரி என்றார். உடனே, "உரை மருந்து, சர்க்கரைத் தண்ணி ஏதாவது குடுப்பீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இன்ன வீட்டில் இன்ன பழக்கம் இருக்கும் என்று அறிந்து கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்வி, சுவரில் ஒட்டியிருந்த எல்லாச் சுவரொட்டிகளையும்விடப் பயனுள்ளதாக இருந்தது.

இந்தத் திறமை தற்செயலாக வந்ததன்று. முன்பெல்லாம் காப்பர்-டி போட மருத்துவரைத் தேட வேண்டியிருந்தது என்றும், இப்போது பயிற்சி பெற்ற செவிலியர்களே பிரசவ அறையில் பொருத்துகிறார்கள் என்றும் அந்தச் செவிலியர் சொன்னார். முதலில் கருப்பை மாதிரியில் பழகி, பிறகு மருத்துவர் பக்கத்தில் நிற்கப் பொருத்திப் பார்த்து, அதன் பின்னரே தனியாகச் செய்ய அனுமதி கிடைக்குமாம். நீண்ட இடுக்கியால் கருப்பையின் மேல் உச்சிவரை கொண்டுபோய் வைக்காவிட்டால் அது நழுவி விழ வாய்ப்பு அதிகம் என்பதால், இந்தப் பழக்கம் இன்றியமையாதது. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனாலும் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன் என்றுதான் நம் காதில் விழுகிறது. இரண்டு குழந்தைகளுக்கு இடையே உடம்பு தேற, ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையில் குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை முதல் பிரசவத்துக்கு வரும் பெண்ணிடம் எடுத்துச்சொல்ல, பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வார்டிலேயே இருக்க வேண்டும்.

நான் மிகவும் மதிப்பது அவர்கள் சம்மதம் வாங்கிய முறையை. "இப்பவே சொல்லணும்னு இல்லம்மா, வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு அடுத்த செக்கப்புல சொல்லு" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் காப்பர்-டியைத் தேர்ந்தெடுத்ததும் நோட்டில் குறித்தார்கள்; பிரசவத்துக்குச் சேர்ந்த அன்று, வலி கூடுவதற்கு முன் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். வலியில் துடிக்கும் பெண்ணிடம் நீட்டப்படும் காகிதத்தில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வீட்டுக்கு அருகில் இருந்த சிறிய சுகாதார மையத்துக்குப் போனபோது, அங்கிருந்த பணியாளர், காப்பர்-டியில் தொங்கும் நூல் தெரியவில்லை என்றதும், "விழுந்திருக்கும், இல்லன்னா உள்ள ஏறியிருக்கும்" என்று சொல்லி, ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். பிரசவத்தோடு பொருத்தும்போது நூல் கீழே இறங்கிவரச் சில வாரங்கள் ஆவதும், சிலருக்கு அது கண்ணுக்கே தெரியாமல் இருப்பதும் வழக்கம்தான். ஸ்கேன் எடுக்கச் சொன்னது சரி, பயமுறுத்தியது தவறு. மருத்துவமனைக்கே திரும்பிச் சென்று எடுத்த ஸ்கேனில் அது வைத்த இடத்திலேயே இருந்தது. பிரசவ வார்டுச் செவிலியருக்குக் கிடைத்த பயிற்சி, அந்தப் பெண்ணை அடுத்து சந்திக்கும் நகர்ப்புற சுகாதாரப் பணியாளர் வரை போய்ச் சேராவிட்டால், இப்படிப் பயந்துபோய் நல்ல காப்பர்-டியை எடுக்கச் சொல்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

ஆலோசனை நடந்த இடத்துக்கு ஒரு திரை வேண்டும். வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் கேட்கிறது. என் தம்பி வாசலிலேயே நின்றிருந்தான்; கணவர்களையும் உள்ளே அழைத்து, ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை சிகிச்சையையும் சேர்த்துச் சொல்லலாம்.

அரசு மருத்துவமனையில் பதிவு செய்திருப்பவர்கள், செவிலியர் தாமாகப் பேசாவிட்டாலும் ஆறு, ஏழாம் மாதத்திலேயே இதைக் கேளுங்கள். காப்பர்-டி போட்டுக்கொண்டால் வகை, போட்ட தேதி, மறுபரிசோதனைத் தேதி மூன்றையும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுபரிசோதனைக்கு, முடிந்தால், பொருத்திய மருத்துவமனைக்கே செல்லுங்கள்.