கிரேட்டிங்கா, பிரில்லூயினா?

அணையடியில் தண்ணீரின் அழுத்தத்தை ஒளியிழை (ஒளியைக் கடத்தும் கண்ணாடி நூல்) வைத்து அளக்க இந்த இரண்டில் எதை எடுப்பது? பேச்சிப்பாறை அணையில் 48 அடி தண்ணீர் நின்றால் அடியில் கூடும் அழுத்தம் சுமார் 1.4 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இதை வெறும் ஒளியிழையில் எழுதிய பிராக் கிரேட்டிங்கை (ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்கோடுகளை) வைத்து அளக்கப் போனால், திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் அரை பிக்கோமீட்டர்கூட (ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நகராது, ஆனால் தண்ணீர் ஒரு டிகிரி சூடானாலே 10 பிக்கோமீட்டர் நகர்ந்துவிடும், அப்புறம் எதை அளந்தோம் என்றே தெரியாது. அதனால் அழுத்தத்துக்கு வளையும் மெல்லிய தகட்டில் கிரேட்டிங்கை ஒட்டி, வெப்பத்தை மட்டும் அளக்கப் பக்கத்திலேயே இன்னொரு கிரேட்டிங்கும் வைக்க வேண்டும். வேலைதான், ஆனால் துல்லியம் அருமை.

பிரில்லூயின் முறையில், அதாவது இழைக்குள் சிதறித் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தைப் பார்க்கும் முறையில், இழை முழுக்கவே சென்சார், பல கிலோமீட்டருக்கு. ஆனால் அது நன்றாகப் பிடிப்பது நீட்சியையும் வெப்பத்தையும்தான். இத்தனை சின்ன அழுத்தம் தெரியாது. மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி நீளமான இடத்தில் விரிசல் தேட அதை எடுப்பேன். அணையடிக்கு கிரேட்டிங்தான்.