ஆக்சிடோசினா, கார்பெடோசினா?

குழந்தை பிறந்ததும் தாய்க்குப் போடும் ஓர் ஊசி உதிரப்போக்கைத் தடுக்கிறது. நெடுங்காலமாக அது ஆக்சிடோசின்தான். மலிவானது, நம்பகமானது. ஆனால் 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நாள்கணக்கில் வராத கிராமத்துச் சுகாதார நிலையத்தில், பெட்டியிலிருந்த பனிக்கட்டி உருகித் தண்ணீரான பிறகும் மருந்துக் குப்பி தெளிவாகவே தெரியும். வீரியம் போய்விட்டதைச் செவிலியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நினைத்தாலே மனம் பதைக்கிறது.

அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெடோசின் ஊசியோ 30 டிகிரியில் மூன்று ஆண்டுகள் கெடாது. இந்தியா, கென்யா, உகாண்டா உட்பட 10 நாடுகளில், ஏறத்தாழ 30,000 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. 500 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ உதிரம் போவதைத் தடுப்பதில் இது ஆக்சிடோசினுக்குச் சளைத்ததல்ல என்று அதில் தெரிந்தது. 2019இல் அந்நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது. தயாரிப்பாளரான ஃபெரிங், ஏழை நாடுகளின் அரசு மருத்துவமனைகளுக்குச் சலுகை விலையில் தர ஒப்புக்கொண்டது.

பிரசவ வலியைத் தூண்டக் கார்பெடோசின் உதவாது. அதற்கு ஆக்சிடோசின்தான் வேண்டும். குளிர்பதனம் உறுதியாக உள்ள மருத்துவமனை பழைய ஊசியை மாற்ற வேண்டியதில்லை. குளிர்பதனம் இல்லாத இடத்தில், உதிரப்போக்கைத் தடுக்கக் கார்பெடோசினையே வாங்க வேண்டும் என்பேன்.