டாஹோ ஏரியில் நீச்சல்: ஜூனா, செப்டம்பரா?

சிங்கப்பூரில் மெக்ரிட்சி போன்ற நம் நீர்த்தேக்கங்களில் நீந்த அனுமதி இல்லை. ஆண்டு முழுவதும் 27 முதல் 31 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும் கடலுக்கே பழகிய நாம், கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்திலுள்ள டாஹோ ஏரிக்குப் பள்ளி விடுமுறையில் போவதென்றால், முதலில் முடிவுசெய்ய வேண்டியது மாதத்தைத்தான்.

ஜூன் விடுமுறை நீளமானது, வெயிலும் நன்றாகவே அடிக்கும். ஆனால் குளிர்காலக் குளிர்ச்சி இன்னும் விலகாத நீரில் உருகிய பனியும் வந்து கலப்பதால், மாதத் தொடக்கத்தில் மேற்பரப்பு நீரே பெரும்பாலும் 15 டிகிரிக்குக் கீழ்தான் இருக்கும். அந்தக் குளிரில் குதித்தவுடன் நம்மை அறியாமலேயே மூச்சை இழுத்துவிடுவோம். தலை நீருக்குள் இருந்தால் அந்த ஓர் இழுப்பே ஆபத்து. முதல் ஓரிரு நிமிடம் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். அதன்பின்னும் சில நிமிடங்களில் கைகால் விறைத்து, தேர்ந்த நீச்சல்காரரும் தடுமாறுவார்.

செப்டம்பர் விடுமுறை ஒரே வாரம். ஆனால் கோடை முழுதும் சூடேறிய நீர் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். பலத்த காற்று மேல்நீரைத் தள்ளிவிட்டால் ஆழத்துக் குளிர்நீர் ஓரிரவிலேயே மேலெழக்கூடும் என்பதால், அன்றைய வெப்பநிலையைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. பிள்ளைகளோடு போவதென்றால் நான் செப்டம்பரையே தேர்வேன். ஜூனில் மிதவை அங்கியுடன் படகுச் சவாரி போதும்.